மேசைக் கணிப்பொறியும் மேகக் கணிப்பொறியும்

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1-ஆம் தேதி. நியூயார்க் பங்குச் சந்தை வழக்கம்போலக் காலை 9.30 மணிக்குத் திறந்தது. நைட் கேப்பிட்டல் என்ற பெரிய பங்கு வணிக நிறுவனத்தின் கணிப்பொறிகள் அந்த நிமிடத்திலிருந்து பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கின. வாடிக்கையாளர்கள் கேட்டிருந்த ஆணைகள் வெறும் 212. அவற்றை நிறைவேற்றுவதற்காகக் கணிப்பொறிகள் சந்தைக்கு அனுப்பிய ஆணைகளோ 40 லட்சத்துக்கும் மேல்! அந்த 45 நிமிடங்களால் ஏற்பட்ட நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம். மறு ஆண்டே அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

என்ன நடந்தது? ஆணைகளை அனுப்பும் வேலையை 8 சர்வர்கள் செய்துவந்தன. சர்வர் என்பது பலருக்கும் ஒரே நேரத்தில் பணிபுரியும் கணிப்பொறி. ஜூலை மாதக் கடைசியில் அந்த 8 சர்வர்களிலும் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. வேலையைச் செய்தவர் 7 சர்வர்களில் ஏற்றினார். எட்டாவது விடுபட்டுப் போயிற்று. அதில் 2003-ஆம் ஆண்டுக்குப் பின் பயன்படுத்தப்படாத ஒரு பழைய நிரல்பகுதி உறங்கிக்கொண்டிருந்தது. புதிய நிரலை இயக்குவதற்கான அடையாளக் குறி, முன்பு அந்தப் பழைய பகுதியை இயக்குவதற்காக வைக்கப்பட்டிருந்த அதே குறி! ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்ய, எட்டாவது சர்வர் நிறுத்தம் இல்லாமல் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணையில் ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டியது. ஏற்றிய வேலையை இரண்டாவது ஒருவர் சரிபார்க்கவில்லை. அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதிமுறையும் அங்கு இல்லை.

மாணவ நண்பர்களே, எட்டுக் கணிப்பொறிகளை ஒரே மாதிரி வைத்திருப்பதே இவ்வளவு கடினம் என்றால், இன்று ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை ஒரே மாதிரி எப்படி வைத்திருக்கிறார்கள்? நிரலை எழுதுபவர் மேசையில் உள்ள கணிப்பொறியும், எங்கோ தொலைவில் உள்ள பெருங்கூடத்தில் இயங்கும் கணிப்பொறிகளும் ஒத்துப்போவது எப்படி? இதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

பெட்டிக்குள் நிரல்

ஒரு நிரல் தனித்து இயங்குவதில்லை. அதற்கு வேறு பல துணை நிரல்கள் வேண்டும். அவை குறிப்பிட்ட பதிப்பாக இருக்க வேண்டும். சில கோப்புகள் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். நிரலை எழுதியவரின் கணிப்பொறியில் இவை எல்லாம் இருக்கும்; ஓடும். வேறொரு கணிப்பொறியில் ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும். "என் கணிப்பொறியில் ஓடுகிறதே!" என்பது நிரலாளர்கள் அடிக்கடி சொல்லும் சொல்.

இதே போன்ற தொல்லை துறைமுகங்களிலும் ஒரு காலத்தில் இருந்தது. மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கினார்கள். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி, மால்கம் மெக்லீன் என்பவர் 58 அலுமினியப் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி, நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே பெட்டி ஒரே மாதிரி. பளு தூக்கிக்கு அது போதும். கன்டெய்னர் என்று நாம் சொல்வது இதைத்தான்.

கணிப்பொறி உலகிலும் இதே பெயர் வழங்குகிறது. நிரலையும், அதற்கு வேண்டிய துணை நிரல்களையும், கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி ஒரு படிமமாக வைப்பார்கள். அந்தப் படிமத்தை எந்தக் கணிப்பொறியில் இயக்கினாலும், மற்ற நிரல்களிடமிருந்து ஒதுக்கப்பட்ட ஓர் அறைக்குள் அது ஓடும். அந்த அறையே கன்டெய்னர். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்ற கருவி இந்த முறையை எங்கும் பரப்பியது.

இரண்டு இடங்களில் இருப்பது ஒரே படிமம்தானா என்று அறியவும் வழி உண்டு. படிமத்தின் எல்லா எண்களையும் ஒரு கணித முறையில் பிசைந்து 256 பிட்டுகள் கொண்ட ஒரு சுருக்கக் குறியைப் பெறுவார்கள். படிமத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். இது படிமத்தின் கைரேகை எனலாம்.

கொத்தும் மீகாமனும்

ஒரு பெட்டி என்றால் கையால் இயக்கலாம். தேர்வு முடிவுகளைக் காட்டும் ஒரு நிரலை எண்ணிப் பாருங்கள். முடிவு வெளியாகும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஒரு பெட்டி போதாது. அதே படிமத்திலிருந்து பல பெட்டிகளைப் பல கணிப்பொறிகளில் ஓட்ட வேண்டும். ஒரு கணிப்பொறி பழுதானால் அதில் இருந்த பெட்டிகளை வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கணிப்பொறிக் கூட்டத்துக்குக் கிளஸ்டர், அதாவது கொத்து, என்று பெயர். கொத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு கணு.

கொத்தை நடத்துவதற்கு உள்ள கருவிகளில் இன்று பெரிதும் வழங்குவது குபர்னெட்டீஸ். கிரேக்க மொழியில் இதற்குக் கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் மீகாமன் என்று பொருள். கூகுள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் இதனை அறிவித்தது; முதல் முழுப் பதிப்பு 2015-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் இதனைப் பெற்று இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம்.

செய்முறையா, நிலையா?

குபர்னெட்டீசுக்கு நாம் எப்படி ஆணையிடுகிறோம் என்பதில்தான் சுவை இருக்கிறது. "முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று சொல்வதில்லை. முடிவில் எந்த நிலை இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதித் தருகிறோம். அந்தத் தாளைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பெயர்: தேர்வு முடிவு
படிமம்: முடிவு நிரல், பதிப்பு 4
பிரதிகள்: 3
நினைவகம்: பிரதி ஒன்றுக்கு 256 மெகாபைட்

மீகாமன் இதைப் படிக்கிறது. கொத்தில் இப்போது எத்தனை பிரதிகள் ஓடுகின்றன என்று பார்க்கிறது. இரண்டு என்றால் ஒன்றைக் கூட்டுகிறது. நான்கு என்றால் ஒன்றை நிறுத்துகிறது. மூன்று என்றால் சும்மா இருக்கிறது. பிறகு மறுபடியும் பார்க்கிறது. இப்படி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இது உங்களுக்குப் புதிதன்று. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் உள்ள மிதவை வால்வு செய்வதும் இதுவே. நீர் மட்டம் இவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேண்டிய நிலை. மிதவை காட்டுவது இருக்கும் நிலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வால்வைத் திறக்கிறது. வேறுபாடு மறைந்ததும் மூடுகிறது. நீர் ஏன் குறைந்தது, யார் குளித்தார்கள் என்பதை மிதவை கேட்பதில்லை. இயற்பியலில் இதனைப் பின்னூட்டம் என்கிறோம்.

நிலையை எழுதுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. "நூலை 20 செ.மீ. நீட்டு" என்ற ஆணையை ஒருவர் மறதியால் இருமுறை நிறைவேற்றினால் நூல் 40 செ.மீ. நீண்டுவிடும். "நூலின் நீளம் 100 செ.மீ. இருக்க வேண்டும்" என்ற ஆணையை ஆயிரம் முறை நிறைவேற்றினாலும் நூல் 100 செ.மீ.தான். ஓர் எண்ணை 1-ஆல் எத்தனை முறை பெருக்கினாலும் அது மாறாதது போன்றது இது. பாதி வேலையில் மின்சாரம் நின்றாலும், மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தயங்க வேண்டியதில்லை.

இயற்பியல் துறையில் பிறந்த எண்ணம்

பெட்டிகளைக் கொத்து பார்த்துக்கொள்ளும்; சரி. அந்தக் கொத்தையே யார் அமைப்பது? எத்தனை கணுக்கள், அவற்றை இணைக்கும் வலை எப்படி, எந்தக் கதவு வெளியுலகுக்குத் திறந்திருக்கும், தகவல் எந்தத் தட்டில் சேமிக்கப்படும் என்பவற்றையும் முடிவு செய்ய வேண்டுமே!

முன்பெல்லாம் ஒருவர் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கையால் அமைப்பார். எதைச் செய்தார் என்பது அவருடைய நினைவில் மட்டுமே இருக்கும். 1993-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக் கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த மார்க் பர்கஸ் என்பவருக்கு, துறையின் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் வேலை வந்து சேர்ந்தது. அவர் அந்த வேலையைத் தானாக நடக்கச் செய்ய சி.எஃப்.எஞ்சின் என்ற கருவியை எழுதினார். கணிப்பொறி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை கருவி ஓடும்போதும் கணிப்பொறி அந்த நிலையை நோக்கி நகரும். கிண்ணத்தில் இட்ட கோலி எங்கிருந்து உருண்டாலும் அடியில் வந்து நிற்பதைப் போன்ற எண்ணம் இது.

அந்த எண்ணம் வளர்ந்து, இன்று கட்டமைப்பை நிரலாக எழுதுதல் என்ற பெயரில் வழங்குகிறது. 2014-ஆம் ஆண்டில் வந்த டெர்ராஃபார்ம், அதிலிருந்து 2023-ஆம் ஆண்டில் கிளைத்த ஓப்பன்டோஃபு ஆகியவை இதற்கான கருவிகள். கணுக்களையும் வலையையும் தட்டுகளையும் இவற்றின் மொழியில் எழுதுகிறோம். கருவி உடனே எதையும் மாற்றிவிடுவதில்லை. முதலில், "இவை புதிதாக உண்டாகும், இவை மாறும், இவை அழியும்" என்று ஒரு திட்டத்தைக் காட்டும். நாம் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே செயலில் இறங்கும்.

இந்தத் தாள்களைக் கிட் என்ற கருவியில் சேமித்து வைப்பார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் எழுதிய இந்தக் கருவி, எந்த வரியை யார், எந்த நாளில், என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பதை எல்லாம் காத்து வைக்கும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று விதியும் வைக்கலாம்.

மேசையும் மேகமும்

மேகம் அல்லது கிளவுட் என்பது வானத்தில் இல்லை. பெரிய நிறுவனங்கள் நடத்தும் கணிப்பொறிக் கூடங்களே அவை. வேண்டிய அளவு கணிப்பொறியை வேண்டிய நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். அங்கே ஓடும் கொத்தை மேகக் கொத்து என்போம். ஆனால் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் அங்கே ஏற்றிச் சோதித்தால் பணமும் நேரமும் வீணாகும். தவறு நேர்ந்தால் பொதுமக்கள் பாதிக்கப்படுவார்கள். ஆகவே நிரலாளர் தம் மேசைக் கணிப்பொறியிலேயே ஒரு சிறு கொத்தை வைத்துச் சோதிக்கிறார். இதற்கு மினிகியூப், கைண்ட், கே3எஸ் போன்ற கருவிகள் உள்ளன. கைண்ட் செய்வது வியப்பானது. கொத்தின் ஒவ்வொரு கணுவையும் ஒரு கன்டெய்னராகவே அமைத்துவிடுகிறது. ஒரே மடிக்கணிப்பொறிக்குள் நான்கைந்து கணுக்கள் கொண்ட கொத்து ஓடும்!

மேசைக் கொத்துக்கு ஒரு தாளும் மேகக் கொத்துக்கு வேறொரு தாளும் எழுதினால் என்ன ஆகும்? நாளடைவில் ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபடும். அப்புறம் மேசையில் ஓடுவது மேகத்தில் ஓடாது. எட்டாவது சர்வரின் கதைதான்.

எனவே பொதுத் தாள் ஒன்றையே எழுத வேண்டும். இரண்டு இடங்களுக்கும் வேறுபட்டே தீர வேண்டியவற்றை மட்டும் இரு சிறு துண்டுத் தாள்களில் எழுத வேண்டும். மேசைத் துண்டில் கணு 1, பிரதி 1 என்றிருக்கும். மேகத் துண்டில் கணு 6, பிரதி 12 என்றிருக்கும். படிமத்தின் கைரேகை, குபர்னெட்டீசின் பதிப்பு எண், நிரல் கேட்கும் வாசல் எண் ஆகியவை பொதுத் தாளில் ஒரே ஒரு முறை இருக்கும். கஸ்டமைஸ் என்ற கருவி இப்படிப் பொதுத் தாளின் மேல் துண்டுத் தாளைப் பொருத்தித் தருகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் இது குபர்னெட்டீசின் ஆணைக் கருவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. கொத்தையே அமைக்கும் டெர்ராஃபார்ம் தாள்களையும் இவ்வாறே பொதுவும் தனியுமாகப் பிரித்து எழுதலாம்.

இதன் பயன் என்ன? "மேசைக்கும் மேகத்துக்கும் என்ன வேறுபாடு?" என்று ஒருவர் கேட்டால், துண்டுத் தாளை எடுத்துக் காட்டலாம். எழுதியே தீர வேண்டிய வேறுபாடு சிறிதாக இருக்க இருக்க, மேசையில் செய்த சோதனையின் மேல் நம்பிக்கை கூடும்.

கடவுச்சொற்களை மட்டும் இந்தத் தாள்களில் எழுதக் கூடாது. தாளைப் பலரும் படிப்பார்கள். கடவுச்சொல் எந்தப் பூட்டறையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதி, சொல்லைத் தனியே காக்க வேண்டும்.

கிலோகிராம் தரும் பாடம்

இங்கே அளவியலில் நடந்த ஒரு செய்தியை நினைவுகூரலாம். 1889-ஆம் ஆண்டு முதல் கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே செவ்ர் நகரில் பாதுகாக்கப்பட்ட ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறையாக இருந்தது. பல நாடுகளுக்கு அதன் நகல்கள் தரப்பட்டன. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டபோது, மூல உருளைக்கும் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் விலகல் தெரிந்தது. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி முதல் உருளைக்கு ஓய்வு தரப்பட்டது. பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்துக் கிலோகிராம் வரையறுக்கப்பட்டது. இன்று உலகில் எந்த ஆய்வகமும், தகுந்த கருவி இருந்தால், அந்த வரையறையைப் படித்துக் கிலோகிராமை உருவாக்கிக்கொள்ளலாம்.

கையால் அமைத்து, "இதுதான் நல்ல சர்வர், இதைப்போல மற்றதையும் செய்" என்று வைத்திருப்பது உருளையை வைத்திருப்பது போன்றது. தாளில் எழுதி, தாளிலிருந்து கொத்தை உண்டாக்குவது வரையறையை வைத்திருப்பது போன்றது. கொத்து எரிந்து போனாலும் வரையறை எரிவதில்லை.

கொத்துகளிலும் விலகல் உண்டு. நள்ளிரவில் ஏதோ அவசரம். ஒருவர் மேகக் கொத்தில் நேரடியாக ஓர் எண்ணை மாற்றிவிடுகிறார். தாளில் எழுத மறக்கிறார். ஆகவே கருவியை நாள்தோறும் ஓடவிட்டு, "தாளுக்கும் கொத்துக்கும் வேறுபாடு உண்டா?" என்று கேட்பார்கள். வேறுபாடு தெரிந்தால் ஒன்று தாளைத் திருத்த வேண்டும், அல்லது கொத்தைத் திருத்த வேண்டும். இரண்டையும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

ஒத்துப்போகாதவை

எவ்வளவு எழுதினாலும் மேசை மேகமாகிவிடாது. இதற்கு இயற்கையே காரணம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1000 கி.மீ. தொலைவுக்குச் சென்று திரும்ப 10 மில்லிநொடி ஆகும். ஒரே பெட்டிக்குள் பேசிக்கொள்ளும் மேசைக் கொத்தில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. ஒரு பக்கத்தைக் காட்ட அத்தகைய தொலைவுக்கு 100 முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி அனுப்பும் நிரல், மேசையில் விரைவாகத் தோன்றி, மேகத்தில் ஒரு நொடி இழுக்கும்.

சில்லுகளும் வேறுபடலாம். மேசைக் கணிப்பொறியில் ஆர்ம் வகைச் சில்லும் மேகத்தில் எக்ஸ்86 வகைச் சில்லும் இருந்தால், ஒன்றுக்கென்று கட்டிய படிமம் மற்றொன்றில் நேரடியாக ஓடாது. இரு வகைக்கும் படிமம் கட்ட வேண்டும். மேலும், மேசையில் ஐந்து கணுக்கள் இருந்தாலும் மின்கம்பியைப் பிடுங்கினால் ஐந்தும் ஒன்றாக நிற்கும். கணுக்கள் தனித்தனியே பழுதாவது எப்படி என்பதை மேகத்திலோ, அதை ஒத்த ஒரு சோதனைக் கொத்திலோதான் பார்க்க முடியும்.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. தாளில் எழுதிய தவறான வரியும் அதே வேகத்தில், அதே ஒழுங்கோடு எல்லாக் கணுக்களுக்கும் போய்ச் சேரும். கையால் செய்தவர் ஒரு சர்வரைக் கெடுத்தார். தாளால் செய்பவர் எல்லாவற்றையும் கெடுக்க முடியும். அதனால்தான் திட்டத்தைப் படித்துப் பார்ப்பதும், இரண்டாமவர் சரிபார்ப்பதும், முதலில் மேசையில், பிறகு சோதனைக் கொத்தில், கடைசியாக மேகத்தில் என்று படிப்படியாகச் செல்வதும் இன்றியமையாதவை.

இந்த முறை இருந்திருந்தால் நைட் கேப்பிட்டல் தப்பியிருக்குமா? எட்டாவது சர்வரில் பழைய நிரல் இருப்பதை ஒப்பீடு காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் ஒரே குறியை இரு வேலைகளுக்குப் பயன்படுத்திய பிழையை அது காட்டியிராது. அன்று காலையில் தவறைச் சரிசெய்ய முயன்றவர்கள், மற்ற 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். உடனே அந்த ஏழிலும் பழைய பகுதி விழித்துக்கொண்டது, நட்டம் பெருகிற்று. ஒத்திருக்கச் செய்வது மட்டும் போதாது; சரியான ஒன்றோடு ஒத்திருக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

இதைச் சோதித்துப் பார்க்கக் கணிப்பொறி தேவையில்லை. ஒரு நூலும் ஒரு குண்டும் போதும். தனி ஊசல் அமைப்பதற்கான செய்முறையை ஒரு தாளில் படிப்படியாக எழுதுங்கள். மற்றொரு தாளில் நிலையை மட்டும் எழுதுங்கள்: "தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை 99.4 செ.மீ.; குண்டு எதையும் தொடாமல் தொங்க வேண்டும்; 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 நொடி." ஆளுக்கு ஒரு தாளாக இரு நண்பர்களிடம் கொடுத்து, வேலை பாதி நடக்கும்போது நூலைச் சற்று இழுத்து நீளத்தை மாற்றிவிடுங்கள். இருவரில் யார் அதனைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார், எப்படித் திருத்துகிறார் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரு தாள்களையும் இடம் மாற்றிக் கொடுத்து மறுபடியும் செய்து பாருங்கள்.